ஒற்றரின் சொந்தப் பந்து

இனிமேல் வேறொருத்தர் விரல் விட்ட ஓட்டையில் தன் விரலை விடுவதில்லை என்று, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு ஒற்றர் சபதம் செய்தார்.

ஒற்றர் என்றதும் வேவு பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் என்று நடுவில் வரவேண்டிய ஒற்று ஒன்று நழுவியிருந்தால் போதும், எதிர் மேசையில் தலைகீழாகக் கிடக்கும் தாளில்கூடக் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் கல்யாணம் யாருக்கு என்று பார்க்கமாட்டார், பிழை எத்தனை என்று பார்ப்பார். அச்சகத்தில் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து, பெற்றவர்கள் வைத்த பெயரைத் துரத்திவிட்டது.

சபதம் செய்த இடம் பவுலிங் கூடம். எண்ணெய் பூசிய நீளமான மரத்தளம், அதன் கோடியில் பத்துக் கட்டைகள், அவற்றைச் சாய்க்க மூன்று ஓட்டை போட்ட கனத்த பந்து, பந்து வழிதவறினால் விழுவதற்கு இரண்டு ஓரமும் கால்வாய். செவ்வாய்க்கிழமை தவறாமல் அச்சகத்து ஆட்கள் அங்கே போய் உருட்டுவார்கள். கூடத்தின் பொதுப் பந்துகள் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போடவேண்டியதுதான். ஒற்றரும் இரண்டு வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பக்கத்துத் தளத்தில் அவருடைய கீழ்வீட்டுக்காரர் விளையாடிக்கொண்டிருந்தார். பல் டாக்டர். சொந்தப் பந்து, சொந்தக் கையுறை, பந்தைத் துடைக்கச் சொந்தத் துண்டு. ஒற்றர் பொதுத் தட்டில் குனிந்து ஒவ்வொரு பந்தாக விரல் விட்டுப் பார்ப்பதைக் கவனித்தவர், ரொம்பவும் கனிவாகக் கேட்டார்.

"இன்னும் பொதுப் பந்துதானா சார்? பொதுவா ஒரு டூத் பிரஷ் வெச்சிருந்தா, அதுல பல் தேய்ப்பீங்களா?"

மூன்று பேர் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் அச்சகத்து ஆட்கள்.

சபதம் செய்வது சுலபம். அதை வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் கஷ்டம். ஏனென்றால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டத்துக்குக் காரணம் ஒற்றரின் முந்தைய ஆசைகள். தொலைநோக்கி ஒன்று வாங்கினார். நிலாவை ஒரு தடவை பார்த்தார், அது ஏற்கெனவே தெரிந்த நிலாவாகத்தான் இருந்தது. இப்போது அதன் முக்காலியில் துண்டு காய்கிறது. உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கினார். எட்டு நிமிஷம் ஓட்டினார். மீன்தொட்டி வாங்கினார். மீன்கள் வந்த வேகத்தில் போய்விட்டன, தொட்டியில் வெங்காயம் இருக்கிறது. இதற்கெல்லாம் பிறகு அவர் மனைவி குரலை உயர்த்தாமல் ஒரே வரியில் சட்டம் போட்டுவிட்டாள்: உள்ளே இருக்கிற ஒன்று வெளியே போனால்தான் வெளியே இருக்கிற ஒன்று உள்ளே வரலாம்.

மனைவி பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பாடம் எடுப்பதைவிட அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது கால அட்டவணை. முப்பத்தெட்டு ஆசிரியர்களுக்கு யார், எந்த வகுப்பில், எந்த நேரத்தில் என்று கட்டம் போட்டு நிரப்புகிறவள் அவள்தான். அட்டவணை வெளியாகும் நாளன்று மற்றப் பள்ளிக்கூடங்களில் சண்டை நடக்கும். இங்கே முப்பத்தெட்டுப் பேரும் தனித்தனியாக வந்து, தனக்கு மட்டும் நல்ல நேரம் கொடுத்ததற்கு ரகசியமாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இது ஒற்றருக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குள்ளேயே பந்து விற்கிற சின்னக் கடை ஒன்று உண்டு. விற்கிற பந்தில் வாங்குகிறவர் கைக்கு ஏற்றபடி ஓட்டை போட்டுத் தருவதால் கடைக்காரருக்குத் துளைக்காரர் என்று பெயர். அவர் ஒற்றரின் விரல்களை ஓர் அளவுப் பலகையில் விட்டு விட்டு எடுத்தார், நீளத்தைக் குறித்தார், கட்டைவிரலை மட்டும் நான்கு தடவை பார்த்தார். பதினாலு பவுண்டு, கருநீலம், உள்ளே பால் கொட்டினதுபோல் வெள்ளைத் திட்டுகள். பார்த்ததும் ஒற்றருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அளவுக்கென்றே ஒரு பொருள் செய்யப்பட்டிருக்கிறது. சட்டைகூட எப்போதும் தோளில் தொங்கும்.

பையோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கையில என்னங்க?"

"அகராதி."

"தோள் ஒரு பக்கமா இறங்கிப்போச்சே. அவ்வளவு கனமா?"

"கனமான சொற்கள்."

"ஏழு தொகுதியோட முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

"இது பிற்சேர்க்கை."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஒற்றர் அலமாரியின் அடித்தட்டிலிருந்த ஏழு தொகுதிகளையும் முன்னால் இழுத்து, பின்னால் பந்தை உட்காரவைத்து, புத்தகங்களைச் சுவர்போல் அடுக்கினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே கொஞ்ச நேரம் சிரித்தார். ஏழு தொகுதியும் தட்டின் விளிம்பைத் தாண்டிப் பாதி அந்தரத்தில் நின்றன. அது அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சொந்தப் பந்தோடு கூடத்துக்குள் நுழைந்தார். அச்சகத்து அணிக்குத் தலைவர் மெஷின்காரர், அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர். அவரே எழுந்து வழிவிட்டார். ஒற்றர் பந்தைத் துடைத்தார், துடைத்த பந்தை மறுபடி துடைத்தார், நான்கு எட்டு எடுத்துவைத்துக் கையை வீசினார்.

பந்து போகவில்லை. பொதுப் பந்தின் ஓட்டைகள் எப்போதும் தொளதொளவென்று இருக்கும், அதை இறுக்கிப் பிடித்தே பழகிய விரல்கள். புதுப் பந்தோ கைக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. இறுக்கினால் கட்டைவிரலை விடாது. ஒற்றர் கையை வீசினார், பந்து முன்னால் போனது, பந்தோடு கை போனது, கையோடு ஒற்றர் போனார். எண்ணெய்த் தளத்தில் மூன்று கஜம் வழுக்கி, உட்கார்ந்த நிலையில் நின்றார். பத்துக் கட்டைகளில் ஒன்றும் அசையவில்லை. அசைந்தது அவர் கட்டைவிரல் ஒன்றுதான்.

இரண்டாவது தடவை இறுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வீசினார். கை பின்னால் போனபோதே பந்து கழன்று, உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் உருண்டு, பல் டாக்டரின் பழரசத்தைச் சாய்த்தது. மூன்றாவது தடவை ஒழுங்காகப் போய், பாதித் தூரத்தில் எதையோ நினைத்துக்கொண்டதுபோல் இடது பக்கம் வளைந்து கால்வாயில் இறங்கிற்று. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே.

மெஷின்காரர் ஒன்றும் திட்டவில்லை. சொந்தப் பந்து என்று சொன்னீர்கள், இது வெறும் பந்தாவாக அல்லவா இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர்கள் சங்கத்தோடு போட்டி இருக்கிறது. அதற்குள் இந்தப் பந்து ஒற்றருக்கு அடங்கினால் சரி, இல்லாவிட்டால் அந்த இடத்தில் விளையாட, அச்சகத்தில் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறவர் தயாராக இருக்கிறார். அட்டை ஒட்டுகிறவருக்கு வயது அறுபத்தொன்று, ஒரு கண்ணில்தான் பார்வை.

துளைக்காரர் பந்தில் குறையில்லை என்றார். கை பந்துக்குப் பழகவேண்டும், கொஞ்ச நாள் கூடவே வைத்திருங்கள், விரலை விட்டபடி உட்கார்ந்திருங்கள், தானாக ஒட்டும் என்றார்.

ஒட்டத்தான் செய்தது. வியாழக்கிழமை ஒற்றருக்கு விடுமுறை, மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் பந்தை எடுத்து மடியில் வைத்து விரல்களை விட்டுக்கொண்டு, இடது கையால் ஒரு வரலாற்றுப் புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தார். புத்தகத்தில் பிழை அதிகம், சுவாரஸ்யத்தில் நேரம் போனதே தெரியவில்லை. நான்கு மணிக்குக் கையை எடுக்கப் பார்த்தால் கட்டைவிரல் வீங்கி உள்ளேயே குடியிருந்தது. இழுத்தார். திருகினார். பந்தைக் காலுக்கிடையில் வைத்து மிதித்துக்கொண்டு இழுத்தார். விரலுக்குப் பந்தின்மேல் பிரியம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம்.

மனைவி உள்ளே வந்தபோது ஒற்றர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை, தலையணைமேல் போர்வை, போர்வைக்குள் வலது கை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"குளிருதா?" என்றாள்.

"லேசா. வயித்துல மட்டும்."

அவள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வலது பக்கம் நீட்டினாள். ஒற்றர் இடது கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து வாங்கினார். அவள் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் முடிகிற கதை. அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில், ஓவிய டீச்சருக்கு மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது என்றும், குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுத் திருப்பினதும் வழுக்கிக்கொண்டு வந்தது என்றும் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, குளியலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கைக்குட்டை துவைக்க வைத்திருக்கிறேன், தொடாதீர்கள் என்று சொல்லி, கடைக்குப் போய்வருவதாகக் கிளம்பிவிட்டாள்.

விரல் வெளியே வந்தது. பாவம், இவளுக்கு எதுவுமே புரிவதில்லை என்று ஒற்றர் பரிதாபப்பட்டார்.

மறுநாள் அவர் துளைக்காரர் முன்னால் போய் வீங்கின விரலைக் காட்டினார். துளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, கூடவே வைத்திருப்பது மட்டும் போதாது, உங்களுக்கு முறையான பயிற்சி வேண்டும், தெரிந்த பயிற்சியாளர் ஒருத்தர் இருக்கிறார், நேரில் யாரையும் பார்க்கமாட்டார், எழுதித்தான் கொடுப்பார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். திங்கட்கிழமை ஒரு நீளமான தாளை நீட்டினார். கோடு போட்டு, கட்டம் கட்டி, கிழமைவாரியாக அச்சிட்டிருந்தது. 'புதுப் பந்துக்குப் பழகுவோருக்கான இரண்டு வாரப் பயிற்சி' என்று தலைப்பு. ஒற்றர் அங்கேயே நின்று படித்தார். ஒரு பிழைகூட இல்லை. எழுதினவர் பெரிய ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார்.

பயிற்சிகள் இப்படி இருந்தன. தோளுக்கு: நிறையத் தண்ணீர் பிடித்த வாளியை வலது கையில் தொங்கவிட்டு, ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆட்டியபடி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நாற்பது நடை, வாளித் தண்ணீர் வீணாகாமலிருக்கச் செடிகளுக்கு ஊற்றலாம். மணிக்கட்டுக்கு: நனைந்த படுக்கை விரிப்புகளை முறுக்கிப் பிழிதல். பிடிமானத்துக்கு: சோப்பு நுரையில் வழுக்குகிற கனத்த பாத்திரங்களை ஒரு கையால் தாங்கி, மறு கையால் தேய்த்தல். கட்டைவிரல் சரியான நேரத்தில் விலகுவதற்கு: பட்டாணி உரித்தல், நாளொன்றுக்கு ஒரு கிலோ. கால் வழுக்கலுக்கு: ஈரத் தரையில் நீளக்கோல் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு, நான்கு எட்டு வைத்து, இடது முட்டியை மடக்கி, வலது காலைப் பின்னால் இழுத்து வழுக்கி நிற்பது, கூடம், இரண்டு அறை, சமையலறை என்று ஒவ்வொரு தளத்திலும் பழகவேண்டும், ஏனென்றால் தளத்துக்குத் தளம் எண்ணெய் மாறும்.

ஒற்றருக்குப் பயிற்சியைப் பற்றிக் கவலையில்லை. ஒரே கவலை மனைவி. காரணம் சொல்லாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? வழியெல்லாம் யோசித்தார். வீட்டுப் படியேறும்போது அவர் மூளையில் விளக்கு எரிந்தது. பயிற்சியை ஒளிக்கவேண்டிய அவசியமே இல்லை. அவள் கண் முன்னாலேயே செய்யலாம். திடீரென்று பெண்டாட்டிமேல் பாசம் வந்துவிட்ட புருஷனாக நடித்தால் போதும். இப்படி ஒரு தந்திரம் உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

நேராகச் சமையலறைக்குப் போய், "இன்னிலேருந்து தரையை நான் துடைக்கிறேன்" என்றார்.

அவள் துடைப்பானைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "எதுக்குங்க உங்களுக்கு? நாள் முழுக்கக் கண்ணு வலிக்க வேலை பார்த்துட்டு வர்றீங்க."

"பரவால்ல, குடு."

"அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். குடுன்னா குடேன்."

"வேணாங்க. எனக்கு மனசு வராது."

ஒற்றர் கெஞ்சினார். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படிக் கெஞ்சினதில்லை. கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் துடைக்க அனுமதி கிடைத்தது. தாளில் ஆறு நாள் போட்டிருந்ததால் விடாமல் வாதாடி ஆறாக்கினார். பாத்திரத்துக்கு அதைவிடப் பெரிய போராட்டம். ராத்திரிப் பாத்திரத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள், அதுவாவது நான் செய்கிறேன் என்று அவள் கண்ணைக் கசக்கினாள். ஒற்றர் இளகவில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு புயல் குடியிருந்தது. காலையில் ஒற்றர் வாளியை ஆட்டிக்கொண்டு நாற்பது நடை நடப்பார். வருஷக்கணக்காகக் கால்வாசி உயிரோடு நின்ற தொட்டிச் செடிகள் ஒரே வாரத்தில் துளிர்விட்டன. பிழிந்த விரிப்புகளில் வெயிலுக்கு வேலையே இருக்கவில்லை. பட்டாணி மலைபோல் குவிந்தது, இரண்டு பேர் எவ்வளவுதான் சாப்பிடமுடியும், அவள் அதைப் பொட்டலம் பொட்டலமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆசிரியர்களுக்குக் கொடுத்தாள். தரை துடைப்பதுதான் பார்க்கவேண்டிய காட்சி. கூடத்தின் ஒரு கோடியில் ஒற்றர் நின்று மூச்சை இழுப்பார். நான்கு எட்டு. ஐயனார் குதிரைபோல் ஒரு கால் மடங்க, ஒரு கால் நீள, துடைப்பானோடு சர்ரென்று போய் எதிர்ச் சுவரோரம் நிற்பார். மனைவி நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் தேநீர் குடித்தபடி பார்த்திருப்பாள்.

"முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்றாள் ஒரு நாள்.

ஒற்றர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்?"

"மூலையில அழுக்கு விட்டுப்போகுது."

மடக்கிப் பார்த்தார். வழுக்கல் பிரமாதமாக வந்தது. அறியாமலே சரியாகச் சொல்லிவிட்டாளே என்று ஆச்சரியப்பட்டு, அடுத்த தளத்துக்கு, அதாவது படுக்கையறைக்குப் போனார்.

வேடிக்கை என்னவென்றால் பயிற்சி வேலை செய்தது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை பந்து கையைவிட்டுக் கழலும்போது பட்டாணி தோலைவிட்டுக் கழலும் அதே சுகம். தோள் நடுங்கவில்லை. இடது பக்கம் வளைகிற பிசாசுப் புத்தி மட்டும் பந்துக்குப் போகவில்லை, ஆனால் எவ்வளவு வளையும் என்று ஒற்றருக்குப் புரிந்துவிட்டது. வலது ஓரமாகவே விட்டார். பந்து கால்வாயை உரசிக்கொண்டு போய், கடைசி நிமிஷத்தில் மனம் திருந்தி உள்ளே திரும்பி, பத்துக் கட்டைகளையும் ஒன்றாக வாரிச் சாய்த்தது. மெஷின்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். அட்டை ஒட்டுகிறவர் நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

போட்டி நாளன்று, பள்ளிக்கூட ஆண்டுமலர் அவசரமாக அச்சுக்குப் போகிறது, அச்சகத்துக்குப் போகவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவள் கேட்டாள். தூரத்துப் பள்ளிக்கூடம் என்றார். தூரமாகப் போகிறீர்கள், பார்த்துப் போங்கள் என்று வழியனுப்பினாள்.

ஆட்டம் கடைசிச் சுற்று வரைக்கும் இழுபறி. ஒரு பக்கம் அச்சகம், மறு பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து பல் டாக்டர்கள். கீழ்வீட்டுக்காரர் தன் கடைசிப் பந்தில் ஏழு கட்டை சாய்த்தார். மூன்று நின்றன, நடுவில் இரண்டு பல் பிடுங்கின வாய்போல் இடைவெளி விட்டு. அடுத்து ஒற்றர். எட்டுக் கட்டை போதும், அச்சகம் ஜெயித்துவிடும். அவர் நின்றார், மூச்சை இழுத்தார். கண்ணுக்கு முன்னால் கூடம் மறைந்து வீட்டுத் தரை தெரிந்தது. நான்கு எட்டு, மடங்கின முட்டி, வழுக்கல். கட்டைவிரல் பட்டாணிபோல் விலகியது. பந்து வலது ஓரத்தில் போய், யோசித்து, திரும்பி, நடுநெற்றியில் இடித்தது. பத்தும் விழுந்தன.

கைதட்டல் கூரையைத் தொட்டது. ஒற்றர் இரண்டு கையையும் தூக்கியபடி திரும்பினார். தூக்கின கை அப்படியே நின்றது. இரண்டாவது வரிசையில் மனைவி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் கீழ்வீட்டு டாக்டரின் மனைவி. மறு பக்கத்தில் விரலில் மோதிரத்தோடு ஒரு பெண். அந்தப் பெண் பக்கத்தில் துளைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"இது எங்க ஓவிய டீச்சர்" என்று மனைவி அறிமுகப்படுத்தினாள். "துளைக்காரரோட வீட்டம்மா."

ஒற்றருக்குப் பிழைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. கோடு போட்டுக் கட்டம் கட்டின தாள். பிழையில்லாத அச்சு. நேரில் வராத பயிற்சியாளர். பல் டாக்டர் ஓடிவந்து, எப்படிச் சார் இது, யார்கிட்டப் பழகினீர்கள் என்று கேட்டபோது ஒற்றர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"பிற்சேர்க்கை வந்த மறுநாளே. தூசி தட்டலாம்னு அகராதியைத் தொட்டேன், ஏழும் கால்ல விழுந்துது. பின்னாடி உங்க பந்து உட்கார்ந்திருந்தது. சரி, எவ்வளவு தூரம்தான் உருட்டுறீங்கன்னு பார்க்கலாம்னு இருந்தேன்."

"அப்போ அந்தப் பயிற்சியெல்லாம் பொய்யா?"

"பந்து நேரா போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்புறம் எது பொய்யிங்கறீங்க?"

பதினைந்து நாள் புடவை மடிப்புக் கலையாமல் தேநீர் குடித்தவளுக்குப் பின்னால் ஒற்றர் நடந்தார். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. வீட்டுக்குள் வந்ததும் அந்தத் தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். ஏமாந்தது போதும், இனிமேல் வாளியும் கிடையாது துடைப்பானும் கிடையாது, பந்து அடங்கியாயிற்று, தனக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்று அறிவித்தார். சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சரிங்க, உங்கள் இஷ்டம் என்று சொல்லித் தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை பந்து கொஞ்சம் முரண்டுபிடித்தது. ஜெயித்த களைப்பு என்று ஒற்றர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது செவ்வாய்க்கிழமை கட்டைவிரல் பழையபடி மாட்டிக்கொண்டது. மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஆறு பந்து போட்டார், ஆறும் கால்வாய்க்குப் போயின. பல் டாக்டர்கள் மறு போட்டிக்கு நாள் குறித்துவிட்டார்கள். அட்டை ஒட்டுகிறவர் மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஒற்றர் சட்டையைக்கூட மாற்றவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். தரை கொஞ்சம் அழுக்காக இருப்பதுபோல் தெரிகிறது என்றார். அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றாள் அவள். ஒற்றர் குனிந்து பார்த்தார். அவர் முகம் தரையில் தெரிந்தது.

"யார் துடைச்சது?" என்றார்.

"பல் டாக்டர்தான். நேத்து ஆரம்பிச்சார். திங்கள், புதன் காலையில நீங்க கிளம்பினதும் வந்து துடைச்சிட்டுப் போவார்."

"நம்ம வீட்டையா?"

"அவங்க வீட்டுல தரை முழுக்கக் கம்பளமாம். வழுக்காதாம். பாவம், அந்தம்மா வந்து கேட்டாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது?"

ஒற்றர் பாத்திரத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "பாத்திரம்?"

"மெஷின்காரர் வாரம் பூரா எடுத்துக்கிட்டார். விரிப்பு பிழியறதுக்கு இன்னும் ரெண்டு டாக்டருங்க சேர்ந்து வர்றாங்க. செடிக்குத் தண்ணி அட்டை ஒட்டுறவர்."

"எனக்குன்னு என்னதான் வெச்சிருக்கே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டவணை நோட்டை எடுத்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள், விரலை வைத்து வரிசையாகப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பாத்ரூம் மட்டும்தாங்க காலியா இருக்கு. அதையும் துளைக்காரர் யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னார்."

ஒற்றர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அவர் யோசிக்கிறதுக்குள்ள என் பேரை எழுதிடும்மா."